அம்மா பக்கத்தில் இருந்தால்தான் படிப்பான்

கேள்வி: எனக்கு ஒரே மகன். வயது 11, ஆறாம் தரம். போன வருஷம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளி குறைவு. நாலாம், ஐந்தாம் தரம் முழுக்க நான்தான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து படிப்பித்தேன். இப்போதும் நான் இருந்தால்தான் புத்தகம் திறக்கிறான். எழும்பிக் குசினிக்குப் போனால் பென்சில் கூராக்குகிறான், தண்ணி குடிக்கப் போகிறான், என் ஃபோனைத் தூக்குகிறான். கணவர் கட்டாரில் வேலை. "அவன் கெட்டிக்காரன், பஞ்சிப்படுறான், அவ்வளவுதான். விடு, தானாகப் படிப்பான்" என்கிறார். போன கிழமை புத்தகப் பையைத் துப்புரவாக்கும்போது 42 புள்ளி போட்ட கணிதப் பேப்பர் ஒன்று மடித்து வைத்திருந்தது. "ரீச்சர் இன்னும் பேப்பர் தரேல்லை" என்று எனக்குச் சொல்லியிருந்தான். பொய் சொல்லவும் பழகிவிட்டானே என்று அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. புலமைப்பரிசில் எழுதி முடித்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தோம். றிசல்ட் வந்தபின் வாங்கவில்லை. இப்போது எதைச் சொன்னாலும் "படிச்சு என்ன?" என்று கேட்கிறான். மூன்று ரியூஷன் போகிறான். இரவு பத்தரைக்கு அப்பாவின் கோல் வரும்வரை முழித்திருந்து, விடிய ஐந்தரைக்கு எழும்புகிறான். நான் விட்டுவிடுவதா, இன்னும் இறுக்கிப் பிடிப்பதா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பேப்பர். கடிதத்தில் உங்களை அதிகம் உலுக்கியது அதுதான் என்று தெரிகிறது. ஆனால் பொய்க்குப் பழகிவிட்டான் என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். கிழித்துக் குப்பையில் போட்டிருக்கலாம், போடவில்லை. நீங்கள் துப்புரவாக்கும் பை என்று தெரிந்தே அதற்குள் மடித்து வைத்திருக்கிறான். ஒளிக்க முழு மனமும் இல்லை, காட்டத் துணிவும் இல்லை.

1998இல் அமெரிக்காவில் கிளோடியா மியூலர், கரோல் டிவெக் என்ற இரு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலில் ஓரளவு சுலபமான உருவப் புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் எல்லாருக்கும் நன்றாகச் செய்ததாகச் சொல்லிவிட்டு, சிலருக்கு "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றும், வேறு சிலருக்கு "நல்லாப் பாடுபட்டிருக்கிறாய்" என்றும் ஒரு வசனம் கூட்டிச் சொன்னார்கள். அடுத்து, வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்து எல்லாரையும் சறுக்க வைத்தார்கள். மூன்றாம் முறை பழையபடி சுலபமானவை. கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் இந்த மூன்றாம் முறையில் முதல் தடவையைவிடக் குறைவாகச் செய்தார்கள். பாடுபட்டதற்காகப் பாராட்டு வாங்கியவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். உங்கள் கதைக்கு நெருக்கமானது இதற்குப் பிறகு வருகிறது. வேறொரு பள்ளிக்கூடத்தில் படிக்கும், முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பெயர் போடாமல் தங்கள் புள்ளியை எழுதச் சொன்னார்கள். 'கெட்டிக்காரர்' கூட்டத்தில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் புள்ளியைக் கூட்டி எழுதினார்கள். யாரோ ஒருவருக்கே அப்படியென்றால், பெற்ற தாயிடம் 42ஐ நீட்டுவது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்?

உங்கள் கணவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் "அவன் கெட்டிக்காரன், பஞ்சிப்படுறான்" என்ற வசனத்தைப் பிள்ளையின் காதால் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். படிக்காமல் 42 எடுத்தால் பஞ்சி என்ற பெயர் மட்டும்தான்; கெட்டிக்காரன் பட்டம் பத்திரமாக இருக்கும். படித்தும் 42 எடுத்தால் அந்தப் பட்டமும் போய்விடும். இந்தக் கணக்கில் படிக்காமல் இருப்பதுதான் அவனுக்கு லாபம். பதினொரு வயதுப் பிள்ளை இதை இப்படி வசனமாக்கி யோசிக்க மாட்டான். உள்ளுக்குள் நடப்பது என்னவோ இதுதான்.

அதற்காக, நாளை தொடக்கம் "நல்ல முயற்சி, நல்ல முயற்சி" என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லித்தரும் ஆட்கள் இப்போது அதிகம். 'திறமை வளரக்கூடியது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அவற்றால் புள்ளிகளில் வரும் பலன் சராசரியாக மிகச் சிறியது என்றே கண்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பிழையான வழியில் ஒரு மணித்தியாலம் மினைக்கெட்ட பிள்ளையிடம் "பரவாயில்லை, முயற்சி செய்தாய்தானே" என்றால், அது ஆறுதல் பரிசு என்று அவனுக்கு உடனே விளங்கிவிடும். பாராட்டுவதென்றால் அவன் செய்த ஒரு காரியத்தைத் தொட்டுப் பாராட்டுங்கள். "முதல் பிழைச்ச கணக்கை நீ படம் கீறித் திரும்பச் செய்தாய், அதுதான் சரிவந்தது" என்று சொன்னால், அடுத்த முறையும் படம் கீறிப் பார்க்கலாம் என்று அவனுக்குப் பிடிபடும்.

ஆகவே அந்த 42ஐ வைத்தே தொடங்குங்கள். ஒரு சனிக்கிழமை காலை, ரியூஷன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேப்பரை மேசையில் விரியுங்கள். "பேப்பரைக் கண்டனான். என்னட்டச் சொல்லப் பயமா இருந்திருக்கும். இனி எத்தனை எண்டாலும் காட்டு, முதல் நாள் ஏச மாட்டன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். புள்ளி எழுதியிருக்கும் மூலையை மடித்துவிடுங்கள். பிறகு பென்சிலை அவன் கையில் கொடுத்து, பிழைத்த ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று அவனையே குறிக்கச் சொல்லுங்கள்: விளங்காமல் பிழைத்ததா, தெரிந்தும் கவனக்குறைவா, நேரம் காணவில்லையா. குறிப்பது அவன், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். கை குறுகுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நடப்பது ஒரு சுவாரசியமான விஷயம். ஒரே பிழை நாலு இடத்தில் வந்து புள்ளியைத் தின்றிருப்பதை அடிக்கடி காணலாம். உதாரணத்துக்குப் பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். அம்மாமார் இதைக் 'கவனமில்லை' என்று ஏசுவார்கள். கவனமாகத்தான் செய்திருக்கிறான், பிழையான முறையைக் கவனமாகச் செய்திருக்கிறான். அப்போது விளக்கம் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "அரைப் பணிசோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் கூடுமோ குறையுமோ?" கூடும் என்பான். "அப்ப ஐந்தில் ரண்டு அரையை விடக் கூடவோ?" இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்பிவிடாதீர்கள். உங்கள் மகன் இரண்டு வருஷமாகச் செய்யாத வேலையை அந்த நேரத்தில்தான் செய்துகொண்டிருப்பான்: தன் விடையைத் தானே சந்தேகிப்பது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விடுவதா, இறுக்குவதா? கணவர் சொல்வதும் பாதி சரி, நீங்கள் செய்வதும் பாதி சரி. முழுக்கப் பிழைக்கிறது எது என்று பார்க்க, போன வருஷத்தை நினைத்துப் பாருங்கள். எந்த வினாத்தாளை எப்போது செய்வது என்று தீர்மானித்தவர் யார்? நேரம் பார்த்தவர், திருத்தியவர், எந்தப் பகுதியில் பலவீனம் என்று கண்டுபிடித்தவர், அதற்கு எந்த ரீச்சரிடம் அனுப்புவது என்று விசாரித்தவர் எல்லாம் நீங்கள்தான். அவனுக்கு மிஞ்சியது விடை எழுதுவது மட்டும். 200 புள்ளிக்கான அந்தப் பரீட்சைக்கு இந்த முறை ஓரளவு வேலை செய்கிறது. அதனால்தான் கொழும்பில் வீட்டுக்கு வீடு இதே காட்சி. உங்களை நான் குறை சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பரீட்சையை வைத்தால் பெற்றார் வேறென்ன செய்வார்கள்?

கல்வி உளவியலில் பேரி சிமர்மன் என்பவர், தன்னைத் தானே நடத்திப் படிப்பதை மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னார். தொடங்குமுன் என்ன செய்யப்போகிறேன் என்று யோசிப்பது, செய்யும்போது சரியாகப் போகிறதா என்று கவனிப்பது, முடிந்தபின் என்ன பலித்தது, எதை மாற்றவேண்டும் என்று பார்ப்பது. உங்கள் வீட்டில் முதலாவதும் மூன்றாவதும் அம்மாவின் வேலை. நடுவிலுள்ளதிலும் பாதி அம்மாவுடையது. ஆறாம் தரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு ஆசிரியர், ஒவ்வொரு கொப்பி. முகாமையாளர் எழும்பிக் குசினிக்குப் போனால் அலுவலகம் நின்றுபோகிறது. அவன் பென்சில் கூராக்குவது குழப்படிக்காக இருக்காது. அடுத்து என்ன செய்வது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம்.

திடீரென்று "இனி உன்ர பாடு" என்று விட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தவணைப் பரீட்சையில் எல்லாம் சரியும், பயந்துபோய்ப் பழைய கதிரையை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போடுவீர்கள். எனவே ஒரே ஒரு பாடத்தை மட்டும் அவனிடம் கொடுங்கள். கணிதம் வேண்டாம், அங்கே ஏற்கெனவே காயம் இருக்கிறது. அவனுக்கு ஓரளவு பிடித்த பாடம், விஞ்ஞானமோ வரலாறோ. அந்தப் பாடத்தில் இன்று எதைப் படிப்பது, எவ்வளவு, எப்படி என்பதெல்லாம் அவன் முடிவு. மற்றப் பாடங்களுக்கு நீங்கள் வழமைபோல இருங்கள். மூன்று நாலு கிழமையில் அது ஓடத் தொடங்கியதும் இரண்டாவது பாடம்.

கதிரையையும் படிப்படியாக நகர்த்தலாம். முதலில் பக்கத்தில் இருந்துகொண்டு உங்கள் சொந்த வேலையைச் செய்யுங்கள், அவன் கொப்பியைப் பார்க்காமல். பிறகு மேசையின் மறுபக்கம். பிறகு குசினியில், கதவு திறந்தபடி. வெள்ளவத்தை ஃப்ளட்டுகளில் இரண்டு அறையும் ஒரு ஹோலும்தான், எங்கே இருந்தாலும் குரல் கேட்கும்; இதற்கு அது வசதி. எழும்பிப் போகும்போது "ஒழுங்காப் படி" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "நான் வரேக்க எந்த இடத்தில நிப்பாய்?" என்று கேளுங்கள். "மூண்டாவது கேள்வி முடிச்சிருப்பன்" என்று அவன் வாயால் ஒரு இலக்கு வரும். திரும்பி வந்ததும் அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். முடிக்கவில்லையென்றால் ஏச்சுக்கு முன் ஒரு கேள்வி: "எதில நிண்டது?"

தொடங்குவதுதான் அவனுக்குக் கடினம் என்று நினைக்கிறேன். அதற்கு நேரசூசி கீறி சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வர்ணம் தீட்டுவதில் ஒரு பின்னேரம் போகும், புதன்கிழமையோடு மறந்துபோகும். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரையில் இதைவிடச் சின்ன உபாயம் ஒன்று இருக்கிறது. 'இது நடந்தால் அடுத்தது இது' என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பது. "பள்ளிக்கூட வானால இறங்கி, சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைச்சவுடன விஞ்ஞானக் கொப்பியைத் திறப்பன்." கோப்பையைக் கழுவுவது எப்படியும் நடக்கும், அது தொடக்க மணி ஆகிவிடுகிறது. வசனத்தை அவனே அமைக்கட்டும்.

ஃபோன் விஷயம் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் வகுப்பு வட்ஸ்அப் குறூப் உங்கள் ஃபோனில்தானே இருக்கும். வீட்டுவேலை அதில்தான் வருகிறது. அவன் ஃபோனைத் தூக்க அதைவிட நல்ல சாட்டு வேறில்லை. நீங்கள் வாசித்துச் சொல்லவும் வேண்டாம். ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அவன் குறூப்பைத் திறந்து, வந்திருப்பதைத் தன் கையால் கொப்பியில் எழுதிவிட்டு ஃபோனைத் திருப்பித் தரவேண்டும். சில நாள் ஏதாவது விட்டுவிடுவான், ரீச்சரிடம் ஏச்சு வாங்குவான். அந்த ஏச்சை அவன் வாங்கட்டும். உடனே குறூப்பில் "சொறி ரீச்சர், மகனுக்குக் காய்ச்சல்" என்று எழுதிவிடாதீர்கள்.

படிக்கும் முறையில் ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். "படிச்சிட்டியா?" என்று கேட்டால் "ஓம்" என்று மட்டும்தான் பதில் வரும். அதுவும் பொய்யாக இருக்காது. மூன்று தரம் வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் அவனுக்கே தோன்றும். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது, வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கூட ஞாபகம் இருந்தது. ஆகவே கொப்பியை மூடச் சொல்லுங்கள். "இண்டைக்கு விஞ்ஞானத்தில என்ன? எனக்கு விளங்கப்படுத்து" என்று கேளுங்கள். மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்கலாம். திக்கினால் சொல்லிக்கொடுக்க வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நாலு நாள் கழித்து அதையே இன்னொருமுறை கேளுங்கள்.

சைக்கிள். இதை நீங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். எனக்கு இது முன்னுக்கு வரவேண்டியதாகப் படுகிறது. சிறு பிள்ளைகளுக்கு முன் ஒரு இனிப்பை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லும் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொறுத்த பிள்ளைகளுக்கு மனக்கட்டுப்பாடு அதிகம் என்று கதை முடிந்துவிடும். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். நல்ல வர்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர், ஒரு கூட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றக் கூட்டத்திடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு இனிப்புச் சோதனை. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளைகள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா? பொறுத்து வேலையில்லை என்று ஒரு நியாயமான முடிவுக்கு வந்திருக்கிறார்கள். "படிச்சு என்ன?" என்று உங்கள் மகன் கேட்பதும் அந்த வகைக் கேள்விதான்.

நீங்கள் சொன்ன வாக்கு 'எழுதி முடித்தால்'. அவன் எழுதி முடித்தான். வெட்டுப்புள்ளி அந்த ஒப்பந்தத்தில் இருக்கவில்லை. ஆகவே சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். காலி வீதிக்கு இறங்காமல் ஒழுங்கைக்குள் மட்டும் ஓட்டலாம் என்ற நிபந்தனை போடலாம். அடுத்த தவணைப் புள்ளியை நிபந்தனை ஆக்க வேண்டாம். இப்போது காசு இறுக்கம் என்றால், எந்த மாதம் முடியும் என்று கணவரோடு பேசி ஒரு மாதத்தைச் சொல்லுங்கள், அந்த மாதத்தில் வாங்குங்கள். புதிதாக வேறு பரிசு எதையும் பேசாதீர்கள்.

நித்திரையைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. உங்கள் மகன் பத்தரைக்குப் பிறகு படுத்து ஐந்தரைக்கு எழும்பினால் ஏழும் கிடைக்காது. மேலே எழுதியதில் எதுவும் நித்திரை குறைந்த மூளையில் பிடிக்காது. கவனத்தையும் பொறுமையையும்தான் நித்திரைக்குறைவு முதலில் தின்னும். கட்டார் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. கணவரிடம் சொல்லி வேலை முடிந்த கையோடு ஐந்து நிமிடமாவது எடுக்கச் சொல்லுங்கள், அல்லது வார நாட்களில் ஒரு குரல்பதிவு, வெள்ளிக்கிழமை நீண்ட கோல். மூன்று ரியூஷனில் ஒன்றை நிறுத்தலாம். எது என்று அவனிடம் கேளுங்கள், காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

இன்னொரு பக்கமும் பார்த்துவிடுங்கள். சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரிக் கவனம் நில்லாமல் இருந்தானா? வாசிப்பது வயதுக்கு மிகப் பிந்தியதா, சொந்தமாகப் பிடித்த விளையாட்டில்கூட ஒரு இடத்தில் இருக்க முடியாதா? வகுப்பு ரீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் ஓம் என்றால், பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநலப் பிரிவு இருக்கிறது, காட்டலாம். உங்களுக்கே மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

கடைசியாகக் கணவரோடு ஒன்று பேசி வையுங்கள். வரும் தவணையில், அவனிடம் ஒப்படைத்த பாடத்தில் புள்ளி இறங்கக்கூடும். எழுபது எடுத்தவன் ஐம்பத்தைந்துக்கு வரலாம். அது நடந்தால் இருவரும் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பேப்பர் கையில் வந்தபின் யோசிக்க வராது. அந்தப் பேப்பரையும் மூலையை மடித்துவிட்டு, பென்சிலை அவனிடமே கொடுங்கள். அப்பா அன்றைக்குக் கோல் எடுத்தால் எத்தனை புள்ளி என்று கேட்காமல், எந்தக் கேள்வியில் என்ன பிழைத்தது என்று மகனிடமே கேட்கட்டும். ஒரு தவணைப் புள்ளிக்காகப் பாடத்தைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள். இரண்டு தவணையும் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.